மூன்று வண்ணம், மூன்று கட்டு வீடு

வாசல் படங்கள் நிறைய வந்துகொண்டிருக்கின்றன. காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், வங்கி மேலாளர் அறையில், கைபேசித் திரையில். தேக்கு நிலை, பித்தளைக் குமிழ், இரண்டு பக்கமும் திண்ணை, படியில் கோலம், ஓரத்தில் ஒரு சொம்பு. நீர்வண்ணத்தில் வரைந்தவை. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. நன்றாக இல்லை என்று நிரூபிக்க நான் உட்காரவில்லை. இந்த வாசல்கள் யாருடையவை? திரும்பத் திரும்ப இவற்றையே வரைகிற கை எதைப் பார்க்க மறுக்கிறது? இதைத்தான் கேட்கிறேன்.

வரைகிறவர்கள் ஓர் ஒழுக்கம் சொல்கிறார்கள். பெட்டியில் இருக்கிற எல்லா வண்ணத்தையும் அப்பாதே, மூன்று போதும் என்கிறார்கள். எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம். முதலிரண்டும் மண். ஒன்று மஞ்சள் மண், மற்றது இரும்புச் சத்துள்ள மண்ணைச் சுட்டு எடுத்த செம்பழுப்பு. மூன்றாவது ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை இடித்து எடுத்த நீலம், 1820களின் கடைசியிலிருந்து ஆலையில் செய்கிறார்கள். சலவைக்கும் சுண்ணாம்புக்கும் நம் வீடுகளில் கலந்தார்களே நீலப் பொடி, அதுவும் அடிப்படையில் இதே சரக்குதான். சியன்னாவையும் நீலத்தையும் சேர்த்தால் சாம்பல் வரும், கெட்டியாகச் சேர்த்தால் கறுப்பு வரும். கறுப்பைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. வெள்ளையை வாங்கவே கூடாது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளில் வண்ணம் படாமல் விட்ட இடம்.

இந்த ஒழுக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் நீலப் பொடியும் சேரிக்குப் புதிசா? எங்கள் ஆயாக்கள் சுவரில் பூசியது இந்த மூன்றையும்தான். வண்ணத்தைச் சுருக்கியவர்கள் வாசலையும் சுருக்கிவிட்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. அக்ரகாரத்து வாசல், செட்டிநாட்டு வாசல், மிராசுதார் வீட்டு வாசல், கோயில் வாசல். இதற்கு மேல் தமிழ்நாட்டில் வாசலே கிடையாதா?

ஏன் அந்த வாசல்களே பிடிக்கின்றன என்று கேட்டால் 'பாரம்பரியம்' என்பார்கள். அது மேல்பூச்சு. உள்ளே இருப்பது வேறு. வாசல் படத்துக்கு உயிர் அதன் ஆழம். மூன்று கட்டு வீட்டின் வாசலில் நின்று பாருங்கள். முதலில் நடையின் இருட்டு. அதைத் தாண்டி முற்றத்தில் விழுகிற வெயில். மறுபடி கூடத்து நிழல். கடைசியில் கொல்லைக் கதவு திறந்திருந்தால் பச்சையாக ஒரு சதுரம், வாழையோ கிணற்றடியோ. இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று கண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மூன்று வண்ணத்தில் இதை வரைவதுதான் கைத்திறன். முற்றத்து வெயிலுக்குத் தாளை அப்படியே விட்டு, அதைச் சுற்றி இருட்டை வைப்பான். பார்க்கிறவன் "ஆஹா, என்ன ஆழம்!" என்பான்.

ஆழம் எங்கிருந்து வந்தது? தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரே குடும்பத்துக்கு மனை இருந்ததால் வந்தது. நூறடி நீளத்துக்கு மண் வைத்திருந்தவன் வீட்டில்தான் இத்தனை அடுக்கு வெளிச்சம் விழும். ஓவியர் ஆழம் என்கிறார், ஓவிய விமர்சகர் பரிமாணம் என்கிறார், கிராம நிர்வாக அலுவலர் பட்டா என்கிறார். மூவரும் சொல்வது ஒன்றைத்தான்.

எங்கள் வாசலில் நின்று பாருங்கள். ஒற்றை அறை. எதிர்ச்சுவரில் சன்னல் இல்லை, இருந்தாலும் அடுத்த வீட்டுச் சுவர் மறைக்கும். கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். திண்ணை இல்லை, நடை இல்லை, முற்றம் இல்லை. வெயில் நிலைப்படி வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒரே கறுப்பு. ஓவியக் கண்ணுக்கு அது ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். 'காம்போசிஷன்' கிடைக்காது.

இந்தக் காம்போசிஷன் என்கிற சொல்லை நானாகச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஒரு ஓவியர் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் பழைய தெரு ஒன்றில் வாசல் வரைய வந்தது. எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். நல்ல மனிதர்கள்தான். பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தார்கள், தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பையன் கேட்டான், "சார், எங்க தெரு வூடுங்கள வந்து வரைவீங்களா?" பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வரையலாம்ப்பா. ஆனா அங்க காம்போசிஷன் கிடைக்கணுமே." வெயில் ஏறியதும் எல்லோரும் திண்ணைகளில் ஒதுங்கினார்கள். நாங்களும் ஒதுங்கினோம். வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார், எந்த ஊர் என்று கேட்டார், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு எங்கள் மூன்று பேரிடம் மட்டும் சொன்னார்: "திண்ணைய இப்பதான் துடைச்சேன், கொஞ்சம் கீழ உட்காருங்க." அந்தத் திண்ணையைத்தான் எதிரில் உட்கார்ந்து ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். படம் அருமையாக வந்தது. திண்ணையின் வழவழப்பைத் தாளின் வெள்ளையிலேயே காட்டியிருந்தார்.

'கலையில் எதற்குச் சாதி' என்று இந்த இடத்தில் யாராவது எழுந்திருப்பார்கள். உட்காருங்கள் ஐயா, திண்ணையிலேயே உட்காருங்கள். சாதியைத் திண்ணையில் வைத்துக் கட்டியவர்கள் நாங்களா?

நான் தமிழ் படித்தவன், இலக்கியத்துக்குள்ளும் கொஞ்சம் போகிறேன். நெடுநல்வாடையில் அரண்மனை வாயில் வருகிறது. கொடி பிடித்த யானை குனியாமல் நுழைகிற உயரம். பேராசிரியர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் எங்கள் தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு வாயிலும் இருக்கிறது. இடையர் குடிலின் வாயில். கழிகளை நெருக்கிக் கட்டிய கதவு, வைக்கோல் கற்றை வேய்ந்த கூரை. எங்கள் ஊரில் நேற்று வரைக்கும் இருந்த படல் கதவு அதன் பேரன்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் காஞ்சிக்குப் போகிற வழியில் கழிக் கதவு கண்ணில் பட்டிருக்கிறது. அதே வழியில் இன்று நீர்வண்ணப் பெட்டியோடு போகிறவருக்குப் படவில்லை.

சேக்கிழார் இன்னும் நெருக்கம். அவர் பிறந்த குன்றத்தூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். நந்தன் கதையைத் தொடங்கும்போது ஆதனூர்ப் புலைப்பாடியை வரைகிறார் பாருங்கள்: பழைய கூரை மேல் படர்ந்த சுரைக்கொடி, முன்றிலில் கிடக்கிற தோல்வார், குஞ்சுகளோடு மேய்கிற கோழி, நாய்க்குட்டிகள், மரத்தில் தொங்குகிற பறை. எங்கள் வாசலைத் தமிழில் இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்துவிட்டு என்ன செய்தார் என்பதும் தெரியும். அந்த வாசலில் இருந்தவனை நடந்தே தில்லைக்குக் கூட்டிப்போய்த் தீயில் இறக்கினார்.

நடுவில் திருப்புன்கூர் வருகிறது. நந்தன் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கிறான். வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல், கடைசியில் கருவறை விளக்கு. தமிழ்நாட்டில் வாசலின் ஆழத்துக்கு இதைவிடப் பெரிய படம் கிடையாது. பார்வைக்கோட்டை நந்தி மறைக்கிறது. 'விலகு' என்று சிவன் சொல்ல நந்தி விலகியதாம். பக்தர்கள் உருகுவார்கள். நான் கவனிப்பது வேறு. கல் மாடு நகர்ந்தது, மனிதனின் கால் நகரவில்லை. ஆழத்தை எட்ட நின்று பார், உள்ளே வராதே. இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் எங்களுக்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுதான்.

நீர்வண்ணத்துக்கும் எங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வெள்ளைக்காரர்களுக்காகச் சாதிப் படங்கள் வரைந்தார்கள். ஒரு சாதிக்கு ஒரு கணவன், ஒரு மனைவி, கையில் தொழில் கருவி. எங்கள் முன்னோர்களும் அதில் இருக்கிறார்கள். இன்றும் லண்டன் அருங்காட்சியகங்களில் அந்தத் தாள்கள் உண்டு. காலடியில் ஒரு பட்டை மண், பின்னால் வெறும் தாள், இல்லாவிட்டால் கொஞ்சம் வானம். வீடு இல்லை, வாசல் இல்லை. பூச்சியைக் குத்தி அட்டையில் வைக்கிற மாதிரி. டேனியல் சகோதரர் மகனோடு வந்து கோபுர வாசல்களை வரைந்ததும் அதே காலம், 1792-93. வாசல்கள் பிரம்மாண்டம், ஆட்கள் எறும்பு. ஆக ஒரு பக்கம் ஆள் இல்லாத வாசல், இன்னொரு பக்கம் வாசல் இல்லாத ஆள். 1850இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளி தொடங்கினார், பிறகு அது கல்லூரியாயிற்று. இந்தப் பிரிவினையை அங்கே யாராவது உட்கார்ந்து கேள்வி கேட்டிருந்தால் மகிழ்ச்சி.

வாசல் ஏன் இல்லை என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதார் கையில், எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்று சொல்லலாம் என்பதுதான் அதன் சாரங்களில் ஒன்று. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்கின்றன. எங்கே போயிற்று? கேட்கப்போன ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே கொடுக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்து மூன்று வருஷம் கழித்து. தன்னுடையது என்று உறுதி இல்லாத மண்ணில் எவன் தேக்கு நிலை வைப்பான்? படல்தான் வைப்பான். துரத்தினால் கையோடு எடுத்துப் போகலாம்.

இதையெல்லாம் சொன்னால் "சரி, எஸ். இளையராஜா வரையவில்லையா?" என்பார்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நிலைப்படியிலும் அடுப்படியிலும் நிற்கிற கறுத்த பெண்களைத் தைலவண்ணத்தில் அத்தனை வெளிச்சத்தோடு வரைந்த மனிதர். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோயிற்று. அவர் படங்களில் வாசல் பின்னணி அல்ல, யாரோ வேலை செய்கிற இடம். அவரிடம் எனக்கு வழக்கில்லை. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்கிறவர்கள் பெண்ணை அழித்துவிட்டு, வேலையை அழித்துவிட்டு, கதவை மட்டும் வைத்துக்கொள்கிறார்களே, அவர்களிடம்தான் வழக்கு. நாகபுரியில் பிறந்த சவி சாவர்க்கர் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிய உருவங்களை வரைந்தபோது 'கோரம்' என்றார்கள். கோரத்தை வரைந்தவர் அவர். கட்டிவிட்டது யார்?

அதற்காக எங்கள் வாசலுக்கு வந்து வரையுங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். பெயர்ந்த காரை, துருப்பிடித்த தகரம், கிழிந்த சாக்கு எல்லாம் அவர்களுக்கு 'டெக்ஸ்சர்'. எங்கள் பொத்தலில் தூரிகையை உலர்த்திப் பார்ப்பார்கள். இது வேண்டாம். வரைய வேண்டியவர்கள் அந்த வாசலுக்குள் குனிந்து போகிறவர்கள்.

ஒரகடம் பக்கம் எங்கள் இரவுப் பள்ளியில் அதைத்தான் செய்கிறோம். கேமல் வண்ணப் பெட்டியில் பன்னிரண்டு வில்லை. பிள்ளைகளிடம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: மஞ்சட்காவிக்குக் கிட்டத்தில் இருப்பது, பழுப்பு, நீலம். அவரவர் வாசலை வரையுங்கள் என்றேன். முதல் நாளே ஒரு பெண் தாளை நீட்டிக் கேட்டது: "இன்னாண்ணா, எங்க வூட்டு உள்ளாற ஒண்ணியுமே தெர்லியே, கறுப்பாத்தான கீது?" மறுநாள் காலையில் அவள் வீட்டெதிரில் போய் உட்கார்ந்தோம். வெயில் வாசல் மண்ணில் பட்டுத் திரும்பி நிலையின் அடிப்பக்கத்தில் ஏறுகிறது. தலை இடிக்கிற அந்தக் கட்டையில் மெல்லிசாக ஒரு செம்மஞ்சள். தாழ்ந்த நிலைக்கு அந்த வெளிச்சம் இன்னும் கிட்டத்தில் கிடைக்கிறது. அப்புறம் கறுப்பு. சியன்னா கூடினால் அது அடுப்புப் புகை படிந்த சூடான கறுப்பு, நீலம் கூடினால் மழைக்காலத்துக் கறுப்பு. கண் பழகினதும் உள்ளே ஒரு எவர்சில்வர் குடம் விளிம்பு காட்டியது. அவ்வளவு இடத்துக்குத் தாளை விட்டாள். கம்மல் அளவு வெள்ளை. காம்போசிஷன் கிடைக்காது என்ற பெரியவர் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் கொண்டுவந்த வாசல்களை எந்தக் காலண்டரிலும் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் கார்க் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் வருகிற மரப்பெட்டிகளைப் பிரித்து எடைக்குப் போடுவார்கள். அந்தப் பலகைதான் எங்கள் கதவு. பலகையில் கண்ணாடிக் கோப்பை, குடை, மேல்நோக்கிய அம்பு எல்லாம் அச்சடித்திருக்கும். உடையும், நனைக்காதே, இந்தப் பக்கம் மேலே. ஒரு பையன் அம்புக்குறியைத் தலைகீழாகவே வரைந்திருந்தான். ஏன்டா என்றேன். "எங்க நைனா அப்டித்தாண்ணா அட்ச்சிகிறாரு." இன்னொரு வீட்டில் கதவே இல்லை, தேர்தல் ஃபிளெக்ஸ் ஒன்று திரையாகத் தொங்குகிறது. தலைவர் பாதி முகம்தான் தெரியும், மீதி நிலைக்குப் பின்னால் மடிந்திருக்கும். ஃபிளெக்ஸின் பளபளப்பு மூன்று வண்ணத்தில் வராதே என்று நான் யோசிக்க, வரைந்த பெண் தலைவரை மண் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். தாட்கோ காலத்துத் தொகுப்பு வீட்டின் தகரக் கதவுக்கு நீலம், கோடியில் அம்பேத்கர் பலகைக்கு அதே நீலம். அங்கே மட்டும் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் கலக்காமல் அழுத்திப் போடுகிறார்கள். இதை ஒழுக்கம் என்பீர்களா, மீறல் என்பீர்களா?

நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "நிலப் போராட்டம் இருக்கு, கூலிப் போராட்டம் இருக்கு, வாட்டர் கலரா?" என்கிறார்கள். தோழர், பறையை எடுத்தபோதும் இப்படித்தான் சொன்னீர்கள். அதோடு, இது நிலப் பிரச்சினைதான் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1990களின் நடுவில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அப்புறம் வரிசையாக வந்தார்கள். 2006இல் நோக்கியா உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடினார்கள். ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும். சுவருக்குப் பூசுகிற பெயிண்ட்டுக்குக்கூட ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது. இத்தனைக்கும் வாசல் உண்டு, அதற்குப் பெயர் கேட். அடையாள அட்டை காட்டினால் திறக்கும், ஒப்பந்தம் முடிந்தால் திறக்காது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள், அந்தப் பந்தலையும் போலீஸ் பிரித்தது. உள்ளே வேலை கிடைத்த எங்கள் பையன்கள் வாடகைக்கு அறை தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்பது சம்பளத்தை அல்ல, எந்த ஊர், எந்தத் தெரு. லைன் வீட்டு வாசலிலும் திருப்புன்கூர் இருக்கிறது.

சாலை அகலமாகிறது, பேட்டை விரிகிறது. கணக்கெடுக்க வருகிறவர்கள் ஓலை, ஓடு, ஷீட், மாடி என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். பட்டா உண்டா என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் புறம்போக்கு என்று எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022இல் அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பெரிய ஊர்களுக்குப் பேச நாலு பேர் வருகிறார்கள். சாலையோரத்தில் பதினைந்து வீடு உள்ள ஒரு சேரி போனால் அது இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? செட்டிநாட்டு வீடு இடிந்தால் கதவு காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும், அங்கிருந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போகும். எங்கள் பெட்டிப் பலகை அடுப்புக்குப் போகும்.

பிள்ளைகள் வரைந்த தாள் கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் தோழர் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, கதவு எண், மின் இணைப்பு எண், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி வைக்கச் சொல்கிறோம். இதுவரை நாற்பத்தொரு வாசல் ஆகியிருக்கிறது. அதில் ஆறு இப்போது இல்லை.

வல்லக்கோட்டைப் பக்கம் இரண்டு தெரு பாக்கி. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். பெட்டியில் பழுப்பு வில்லைதான் முதலில் தீர்ந்துபோகிறது, ரோஸும் ஊதாவும் பச்சையும் தொடாமல் கிடக்கின்றன. பழுப்பைத் தனி வில்லையாக விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். தாள் கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிய தாளில் எங்கள் கறுப்பு நிற்பதில்லை, இரண்டாவது பூச்சிலேயே கிழிந்துவிடுகிறது.